தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர்கள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், மலாக்காவின் காஜா பேராங்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டேன். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் ஒரு பத்திரிகைச் செய்தியை வெட்டிக்கொண்டு வர வேண்டும். அதையொட்டி ஏதாவது ஒரு வேலையைக் கையால் செய்து காட்ட வேண்டும். பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

ஒரு திங்கட்கிழமை குடியுரிமைச் செய்தி வந்தது. சும்மா இருந்தேனா? அரசாங்க அலுவலகத்துக்குப் போய் ஒரு கட்டு மனுப் படிவம் வாங்கி வந்து வகுப்பில் கொடுத்தேன். வீட்டில் எல்லாருடைய சூராட் பெரானாக்கையும், அதாவது பிறப்புப் பத்திரத்தையும், பார்த்து நீங்களே நிரப்புங்கள் என்றேன்.

மறுநாள் ஒரு மாணவி பாதிப் படிவத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்வதற்குள் குடியுரிமைத் தாளைக் காட்ட வேண்டும்; இங்கே பிறந்தவர்களுக்கு அது உடனே கிடைக்கும்.

“தம்பி தங்கச்சிக்கெல்லாம் சூராட் பெரானாக் இருக்கு சார். எனக்கு மட்டும் இல்ல. அம்மா தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாங்களாம். அஞ்சு மாசத்துல என்னைக் கப்பல்ல தூக்கிட்டு வந்தாங்களாம். நேத்துதான் சொல்றாங்க.”

தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று கடல் தாண்டி இந்தியாவுக்குப் போன எத்தனையோ பேரில் அவள் அம்மாவும் ஒருத்தி. அதனால் பின்னால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வாரக் கடைசியில் அவள் அப்பா என் வீட்டுக்கு வந்தார். ஜாலான் துக்காங் எமாஸில் ஒரு மளிகைக் கடையில் நிறுவை ஆள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“பக்கத்துச் சந்துல பிள்ளைப்பேறு பாக்குற கிழவி இருக்கால்ல, இவ இங்கதான் பொறந்தான்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடறேங்கிறா. எல்லாரும் பண்றதுதான். ஆனா இந்தப் பொண்ணு, சார் சரின்னாத்தான் எழுதுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

“பொய் எழுதறதுக்கா நான் பாடம் நடத்தறேன்?” என்று எரிந்து விழுந்தேன். “உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்க. சட்டம் பாத்துக்கும்.”

ஊருக்குத்தான் உபதேசம். நானும் தலைப்பிள்ளை. நானும் ஊரில் பிறந்தவன். வேலையில் சேரும்போது, நான் இந்தத் தெருவில் பிறந்ததாக எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள் அதே கிழவிதான். அவள் இன்னொரு முறை போய் நின்றால் பழைய தாளையும் தோண்டுவார்களோ என்ற பயம் எனக்கு. நேர்மையாவது மண்ணாங்கட்டியாவது. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

மாணவி உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். எந்தக் கப்பலில் வந்தாள், அதற்கு அத்தாட்சி எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அஞ்சு மாதக் குழந்தைக்கு என்ன அத்தாட்சி இருக்கும்? காத்திருக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தாள். அதற்குள் பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிட்டது என்று அவள் அம்மா கோயிலில் என் காதுபடவே சொன்னாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊரில் இருந்த தாய்மாமனுக்கே அவளைப் பேசி முடித்தார்கள். அவள் பிறந்த அதே வீடு. அவளுக்கோ மலாக்காவைத் தவிர எந்த ஊரும் தெரியாது.

கப்பலேறும் முன் சொல்லிக்கொள்ள வந்தாள். செய்தி ஒட்டிய நோட்டை மேசையில் வைத்தாள். “இனிமே எனக்கு எதுக்கு சார்?” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“சார், நீங்களும் வீட்டுக்குத் தலைப்பிள்ளைதானே? நீங்க எங்க பொறந்தீங்க?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இனி சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

“இங்கதாம்மா. இந்தத் தெருவுலதான்.”

“குடுத்து வச்சவங்க சார் நீங்க” என்று சொல்லி, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.