கல்லறைமேல் காயும் துணி

எங்கள் யார்க்‌ஷயர் மேட்டில் வெயில் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். புதரில் துணி போட்டால் காற்று அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும். அதனால் சலவைக்காரி ஹெப்ஸி, தேவாலயத்தை ஒட்டிய கல்லறைகளின் பலகைக் கற்கள்மேல்தான் ஊர்த் துணியை விரிப்பாள். அவளோடு சேர்ந்து துவைக்கும் நானும் அப்படித்தான், வேறெங்கே போடுவதாம்?

பாதிரியார் இதைப் பிரசங்கத்திலேயே கண்டித்தார்.

"ஐயா போட்டிருக்கிற அங்கியும் அங்க காஞ்சதுதான்," என்று ஹெப்ஸி என்னிடம் முணுமுணுத்தாள். முன்பெஞ்சு வரைக்கும் கேட்டுவிட்டது.

பாதிரியாரின் மகள் லெட்டி கதை எழுதுகிறவள், எதையும் குடைந்து கேட்காமல் விடமாட்டாள். மறுநாள் நாங்கள் துணி விரிக்கும்போது வந்து நின்றாள்.

"யார் துணி எந்தக் கல்லுலன்னு கணக்கு ஏதும் இருக்கா ஹெப்ஸி?"

"இல்லாம? கசாப்புக்காரன் சட்டை அவன் மாமியார் மேல. உயிரோட இருந்தப்ப அவன வாசப்படி ஏத்தல அந்தம்மா. இப்பச் சுமக்கட்டும்."

லெட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப என் துணி?"

ஹெப்ஸி சுவரோரக் கல்லைக் காட்டினாள். லெட்டியைப் பெற்றதும் கண்மூடிய தாயின் கல் அது.

"நீங்க பொறந்ததுலேருந்து அங்கதான் சின்னம்மா. வேற யார் துணியையும் அதுல போட்டதில்ல."

லெட்டியின் சிரிப்பு நின்றது. கூடையிலிருந்து தன் ஈரப் பாவாடையை எடுத்து, சுருக்கம் நீவி, அவளே விரித்தாள்.