புது ஷூ போட்ட புரோக்கர்

மனசு சரியில்லை என்று லீவு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வயிறு சரியில்லை என்றால் உடனே கிடைக்கும். அதனால் போன வருடம் எனக்கு வெகுநாள் வயிறு சரியில்லாமல் இருந்தது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஜன்னலே இல்லாத ஒரு ஷெட்டில் வேலை பார்த்துப் பார்த்து, கடைசியில் வீட்டிலும் சுவரைப் பார்த்தே படுத்துக்கிடந்தேன். மனைவி பேசினால் எரிச்சல், பேசாவிட்டால் அழுகை. இவன் தேறுவானா என்று அவள் பயந்தாள். நானும் பயந்தேன், சொல்லவில்லை.

திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் ஏசி அறைக்குள் உட்கார்ந்தபடி, "ரோஜூ பயட்ட நடவண்டி" என்றார். தினமும் வெளியே நடக்க வேண்டுமாம். வெயில், காற்று, பசுமை எல்லாம் மனசுக்கு மருந்தாம்.

சத்தியவேடு பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஊரில் பசுமைக்குப் பஞ்சமில்லை. புது ஷூவும் தொப்பியுமாக வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இயற்கையை ரசிக்கக் கிளம்பினேன். டாக்டருக்கு ஒன்று தெரியாது. எங்கள் பக்கம் ஷூ போட்டுக்கொண்டு வேலைவெட்டி இல்லாமல் நிலத்தைப் பார்த்து நடப்பவன் நில புரோக்கர் மட்டும்தான். அவன் வந்து போனால் பின்னாலேயே சர்வேக்காரர் வருவார், அப்புறம் காம்பவுண்டுச் சுவர் வரும்.

களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார்.

"யாருப்பா நீ? எந்தக் கம்பெனிக்கு நெலம் பாத்துகினு கீற?"

"சும்மா நடக்கறேன்க்கா. மனசுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"போன தடவ வந்தவனும் காத்து வாங்க வந்தேன்னுதான் சொன்னான்."

அன்றிலிருந்து மந்திரிக்கும் கிடைக்காத பாதுகாப்பு எனக்கு. நான் நடந்தால் அந்த அம்மா மண்வெட்டியோடு பின்னால் வருவார். நின்றால் நிற்பார். ஆழமாக மூச்சு இழுத்தால் முறைப்பார். என்ன மன அமைதி! நான் புரோக்கர் இல்லை என்று நிரூபிக்க, வராத தூக்கம், காரணமில்லாத அழுகை என்று மனைவியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். "கத நல்லாத்தான் சொல்ற" என்பார். நம்பவே மாட்டார். எனக்கு ரோஷம் வந்துவிடும். மறுநாள் இன்னும் விளக்கமாகச் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் எழவே முடியவில்லை. சொல்லிச் சொல்லியே போய்விட்டதாக நினைத்த மனப்பாரம் அப்படியே திரும்பிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். வெயில் ஏறிய பிறகு வாசலில் அந்த அம்மாவின் குரல்.

"எங்கேம்மா உன் ஊட்டுக்காரரு? வேற பக்கம் நெலம் பாக்கப் போய்ட்டாரா?"

"இல்லக்கா, எழுந்துக்கவே இல்ல. படுத்துகினு கீறாரு" என்றாள் மனைவி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தே கிடந்தேன்.

"அப்போ நெஜமாத்தான் சொன்னியா?" குரல் இறங்கியிருந்தது. "எழுந்து ஷூவப் போடு நைனா. நான் இங்கதான் கீறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அன்று அவர் மண்வெட்டியை எங்கள் வாசலிலேயே சாத்திவிட்டு என்னோடு வந்தார்.