ஜான்சி டீச்சர் விட்ட ஞாயிறு வகுப்பு

சாந்தோம் மீனவர் குப்பத்தில் பிறந்து விலங்கியல் படித்த ஜான்சி, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். ஞாயிறுகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி வகுப்பும் அவருடையதுதான். பள்ளியில் பரிணாமம், கோயிலில் கடவுள் உலகைப் படைத்ததைச் சொல்லும் பைபிளின் தொடக்கநூல். உயிர்கள் எப்படி வந்தன என்பது ஒரு கேள்வி, எதற்காக வந்தன என்பது வேறு கேள்வி என்று நினைத்திருந்ததால் அவருக்கு இதில் சங்கடமே இருந்ததில்லை.

கணவர் ஏசுராஜ் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர். ஒருநாள் அலை போட்டைப் புரட்டியதில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துவிட்டார். அன்றிலிருந்து, விடியுமுன் எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த பிறகுதான் ஜான்சிக்குப் பள்ளி.

ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் பிலோமினா என்ற தாய் வழிமறித்தாள். அவள் மகள் ஜான்சியிடம்தான் இரண்டு இடத்திலும் படிக்கிறாள்.

"இன்னா டீச்சர், ஸ்கூல்ல கொரங்குலேர்ந்து வந்தோம்ன்றீங்க, இங்க மண்ணுல செஞ்சார்ன்றீங்க. எம் பொண்ணு எத்த நம்புவா?"

"கொரங்குலேர்ந்துன்னு சொல்லலம்மா. ரெண்டுக்கும் மூதாதை ஒண்ணு. அப்படி வரவெச்சதும் ஆண்டவர்தான்."

பிலோமினா நேராகப் பங்குத்தந்தையிடம் போனாள். அவர் இளைஞர். மறுநாள் ஜான்சியை அழைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"திருச்சபைக்கு இதுல சண்டையே இல்ல டீச்சர், எனக்குத் தெரியும். ஆனா இந்த வருஷம் மட்டும் இங்க அந்தப் படைப்புப் பாடத்த விட்டுடுங்களேன்."

எடுத்துச்சொல்ல எவ்வளவோ இருந்தது. வாதாடத் தெம்பில்லை. "வகுப்பயே விட்டுடறேன் ஃபாதர்" என்றார். வேண்டாமென்று தடுப்பார் என எதிர்பார்த்தார். அவர் தலையசைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை ஏசுராஜைக் கவனித்துவிட்டு ஜான்சி மீண்டும் படுத்துத் தூங்கினார். கோயில் மணி கேட்டு விழித்தபோது குற்றவுணர்வும் இல்லை, நிம்மதியும் இல்லை.

மாத முதல் வெள்ளியன்று, நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் தர ஃபாதர் வீட்டுக்கு வந்தார். வாங்கிக்கொண்டபின் ஏசுராஜ் அவர் கையை விடவில்லை.

"ஃபாதர், மண்ணுல செஞ்சாரோ, கொரங்குக்கு ஒறவோ, எதுவோ இருக்கட்டும். கடலுக்குப் போவசொல்லோ நான் எதுக்குன்னு கேட்டதேயில்ல. இப்ப இப்டி கெடக்கறேனே, இன்னாத்துக்குக் கீறேன்?"

ஃபாதர் கட்டிலோரம் உட்கார்ந்தார். பிறகு, "தெரியலண்ணே" என்றார். ஏசுராஜ் அழுதார். படுத்த நாளிலிருந்து அவர் அழுது ஜான்சி பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணவரின் முகத்தைத் துடைத்தார்.

வாசலில் செருப்பை மாட்டியபடி ஃபாதர் திரும்பினார். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு டீச்சர். வகுப்புக்கு வாங்க. அந்தப் பாடத்தையும் எடுங்க. பிலோமினாகிட்ட நான் பேசறேன்."

"சந்தோஷம் ஃபாதர். ஆனா இந்த வருஷம் முடியாது. ரொம்ப அசதியா கீது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

அவர் போனதும் ஜான்சி கதவைச் சாத்தினார். ஏசுராஜைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது.