மேலே விரித்த கை

வலது கையில் சாவிக்கொத்து. அதற்கு ஒரு சாண் மேலே, விரித்த இடது கை. மாடிவீட்டு அம்மையார் பிடியை விடுகிறார், சாவிக்கொத்து 'ணங்'கென்று தரையில் விழுகிறது. நேர் கீழ்வீட்டில் குடியிருக்கும் என் தலைக்கு மேல் தினமும் காலையில் இந்தக் கச்சேரிதான். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் படியேறிப் போனவன், சண்டையை மறந்துவிட்டு அந்த இடது கை எதற்கு என்று கேட்டேன்.

"ஒருவேளை மேல போனா பிடிக்கணும்ல, சார்!" என்றார், இயற்பியல் படித்த அந்த அம்மையார்.

அவருக்கு ஆய்வுக்கூடத்தில் எதிரணு செய்கிற வேலை. நம் அணுவில் இருக்கும் துகள்களுக்கு நேர் எதிரான மின்னூட்டம் கொண்ட துகள்களைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, குளிரவைத்து, ஒன்றாகச் சேர்த்தால் எதிர் ஹைட்ரஜன் பிறக்கிறது. பிறந்த பிள்ளையைத் தொடத்தான் முடியாது. பாத்திரத்தின் சுவரில் பட்டாலே, அங்குள்ள சாதாரண அணுவோடு சேர்ந்து அழிந்து ஆள் காலி. அதனால் காற்றே இல்லாத குழாயின் நடுவில், காந்தத்தாலேயே தாங்கி நிறுத்துகிறார்கள். அவ்வளவு பக்குவமாகப் பிடித்து வைப்பவர் கையில், வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் தங்காது.

"பிடிச்சு வச்சத விட்டா மேல போகுமா, கீழ போகுமா? அத இதுவரைக்கும் யாருமே பாத்ததில்ல சார்."

கூடத்தில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவருடைய மாமியார் தலையைத் தூக்காமலே கேட்டார்: "கைய விட்டா கீழ விழாம பின்ன எங்க போகும்? இதப் பாக்க அவ்ளோ பெரிய கட்டடம் வேறயா?"

"மேல போச்சுன்னா எல்லாப் புத்தகத்தையும் திருத்தணும் அத்தை!"

அவருடைய ஆசையெல்லாம் அதில்தான் இருந்தது. மாமியாரோடு பந்தயமே கட்டிவிட்டார்: கீழே விழுந்தால், இனி வீட்டில் சாவியைக் கீழே போட்டுப் பார்ப்பதில்லை.

சோதனை நாளன்று ஆய்வுக்கூடத்தில் காந்தப் பிடியை மெல்லத் தளர்த்தினார்கள். நழுவிய எதிரணுக்கள் குழாயின் சுவரில் மோதி அழிந்தன. அழிந்த இடங்களைக் கருவிகள் காட்டிக்கொடுத்தன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் பெரும்பாலானவை அடிப்பக்கமே போயிருந்தன.

சேதி கேட்க நானும் மாடிக்குப் போயிருந்தேன். "கீழதான் அத்தை," என்று செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "நான் அப்பவே..." என்று தொடங்கிய மாமியார், மருமகள் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "சரி, வா. சாப்புடு மொதல்ல."

அதன்பின் என் தலைக்கு மேல் ஒரே அமைதி. இதற்காகத்தானே தவம் கிடந்தேன்? இருந்தும் பொழுதே விடியாத மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டு மறுபடி படியேறினேன்.

"பந்தயம்னா பந்தயம்தான் சார்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா கீழ விழுதுன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. நம்ம சாவி விழுற அதே வேகத்துலதான் விழுதான்னு இன்னும் சரியாத் தெரியல. அடுத்து அதத்தான் அளக்கப் போறோம்." சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

மெஷின் சத்தம் நின்றது. மாமியார் எழுந்து வந்து, புது உறை மாட்டிய தலையணையைத் தரையில் போட்டுக் காலால் சரியான இடத்துக்குத் தள்ளினார். "போட்டுத் தொலை. கீழ் வீட்டுக்காரரு பாவம், சத்தம் இல்லாமப் போடு."

மருமகள் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்தார். தலையணைக்கு நேராக வலது கையை நீட்டினார். பிடியை விடுவதற்கு முன், இடது கை தானாக மேலே போய் விரிந்துகொண்டது.