பொட்டு வைத்த ஹெட்

எங்கள் கார் என் மனைவியின் சம்பளத்தில் வாங்கியது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. பழைய வண்டிதான், ஆனால் டர்போ வண்டி. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். டர்போ என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால், வேகமாகப் போகும் என்பதற்கு மேல் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

அவளுக்கு ஓர் ஆசை. லைசென்ஸ் வாங்கிவிட்டாள். விஜயதசமி அன்று தானே ஓட்டிக்கொண்டு போய், பள்ளிப்பட்டில் அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். சின்ன வயதில் அவளுடைய அண்ணன் தன் சைக்கிளைத் தொடக்கூட விட்டதில்லையாம். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு வண்டி?" என்று அவர் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்லப் போகிறாள்.

நடுவில் நான் புகுந்தேன். புதுவாயல் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு புதுக் காரை முந்தியே தீருவேன் என்று மிதித்தேன். சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. டர்போ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பின்னால் வெள்ளைப் புகை. புதுக் காரில் இருந்தவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் ஆட்டினேன்.

காக்களூர் பட்டறையில் மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே பால் கலந்த டீ மாதிரி நுரைத்திருந்தது.

"தண்ணி ஆயில்ல கலந்துகினு கீது சார். சூட்டுல ஹெட்டு வளைஞ்சிட்சி. எறக்கணும்."

எஞ்சினின் மேல்பகுதிதான் ஹெட். அதைக் கழற்றி, அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவி, நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகட்டைப் புதிதாக வைத்து மூடினால் வேலை முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். எப்படியும் திறந்தாகிவிட்டது, வால்வைப் பெரிதாக்கலாம், காற்று போகிற வழியைக் கடைந்து அகலமாக்கலாம், வண்டி பறக்கும் என்று வீடியோவில் பார்த்த ஞானத்தையெல்லாம் கொட்டினேன். மெக்கானிக் மறுக்கவில்லை. வலிய வந்து வேலை கொடுப்பவனை மறுக்கும் வழக்கம் எந்தப் பட்டறையிலும் கிடையாது.

வேலை இழுத்துக்கொண்டே போனது. "விஜயதசமிக்கு வந்துடும்லங்க?" என்று அவள் தினமும் கேட்டாள். நானும் தினமும் தலையாட்டினேன்.

ஒருவழியாக ஆயுத பூஜை அன்று ஹெட், சீவப் போன லேத் பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தது. பட்டறையில் ஸ்பேனரிலிருந்து டீ கிளாஸ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. முதலாளி கிறிஸ்தவர், எதற்காவது பொட்டு விட்டுப்போயிற்றா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்ததே அவர்தான். என் ஹெட்டின் புதிதாகச் சீவிய முகத்திலும் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம். மனம் குளிர்ந்து, படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பூஜை போட்ட ஸ்பேனரை அன்றைக்கே தொடமாட்டார்கள். நான் கெஞ்சியதால், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அன்று மதியமே ஹெட்டைப் பூட்டினார்கள்.

மறுநாள் காலை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள். திருத்தணி வரைக்கும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து "மிதி, மிதி" என்று தொணதொணத்தேன். பொதட்டூர்பேட்டை தாண்டியதும் பானட்டிலிருந்து சாம்பிராணி போட்ட மாதிரி புகை. அவளே ஓரங்கட்டி நிறுத்தினாள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். புகையைப் பற்றிச் சொன்னேன்.

"பொட்டு வச்ச எடத்துல கேஸ்கெட் சரியா ஒக்காந்திருக்காது சார்."

"தொடைக்காமயா பூட்டினீங்க?"

"பூஜை அன்னிக்கே பொட்டைத் தொடைப்பாங்களா சார்? நீங்களே சொல்லுங்க. பாவம்ல?"

ஹெட்டின் முகத்தில் ஒரு தூசி இருக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்திய மனிதர் அவர். சந்தனத்தைத் தூசி என்று சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை.

மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை, எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டேன். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு டிராக்டரோடு வந்தார்.

"இன்னா மாப்ள, டர்போவா?" என்றவர், கயிற்றைக் கட்டிவிட்டுத் தங்கையிடம் போனார். "எறங்கும்மா. இழுக்கும்போது ஸ்டீயரிங் புடிக்கிறது பேஜாரு. மாப்ள புடிக்கட்டும். நீ டிராக்டர்ல குந்திக்கோ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவை உள்பக்கமாகப் பூட்டினாள்.

"இழுக்கிறது உன் வேலைண்ணா. ஓட்றது நானு. அவர வேணா ஏத்திக்கினு போ."

டிராக்டர் சக்கரத்தின் மட்கார்டில் எனக்கு இடம் கிடைத்தது. எஞ்சின் ஓடாத காரில் ஸ்டீயரிங் லேசில் திரும்பாது, பிரேக் லேசில் இறங்காது. கயிறு தொய்யாமல், டிராக்டரில் இடிக்காமல், ஒவ்வொரு வளைவையும் அவள் மல்லுக்கட்டி எடுத்தாள். தெருவில் நுழைந்ததும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். மாமியார் டிராக்டரையும் பார்க்கவில்லை, கயிற்றையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"பாருங்கடி, எம்பொண்ணு காரு ஓட்டிக்கினு வரா!"

அண்ணன் நாலு வீடு முன்னாலேயே டிராக்டரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கப் பார்த்தார். பின்னாலிருந்து ஹாரன் அலறியது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இங்க இல்லண்ணா, ஊட்டு வாசல்ல நிறுத்தணும். இழு."

அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து இழுத்தார்.