அம்மாவுக்குப் பிடிக்காத நீல நெருப்பு

எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஒடுகத்தூரிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த மாமாவே அதைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. அம்மாவின் முகம் சுருங்கியது.

"இன்னாடா இது, இதெல்லாம் ஒரு நெருப்பா?"

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி அவர். அடுப்புக்கு அடியில், குழாயோரம் இருந்த தகட்டைத் திருகித் திருகி மூடினார். தீ மஞ்சளாகி, விறகுத் தீ மாதிரி நெளிந்து ஆடியது. "இப்பப் பாருக்கா, அசல் நெருப்பு!" அம்மா சிரித்தாள். இரண்டே நாளில் சாமைச்சோற்றுப் பானை கரியாகிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் புகையில் இருமிய அம்மாவுக்காகத்தானே அந்த அடுப்பே வந்தது! பள்ளியில் எரிதல் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. காற்று போதுமானால் வாயுவிலுள்ள கரி முழுக்க எரிந்து, தீ நீலமாக நிற்கும். குறைந்தால் எரியாத கரித்தூள்தான் சூடேறி மஞ்சளாக ஒளிரும். மாமா மூடியது காற்று போகும் வழியை.

நான் திறந்தேன். விடுமுறை முடிந்து விடுதிக்குப் போனதும் மாமா மூடினார். மறுபடி வந்தேன். மஞ்சள் தீக்குமேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன், கரி படிந்தது. தகட்டைத் திறந்து, நீலத் தீக்குமேல் இன்னொன்று, உள்ளே நீர்த்துளி அரும்பியது.

"எரியும்போது தண்ணியும் உண்டாகும்மா."

"நெருப்புல தண்ணி வருதாம்! உன்னப் படிக்கவெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்."

பிடிவாதத்தில் நான் அவள் பெற்ற பெண்தானே. தகட்டை முழுக்கத் திறந்து, யாரும் அசைக்க முடியாதபடி கம்பியால் இறுகக் கட்டினேன். மாமா தலையைச் சொறிந்தார். அம்மா, "உன் இஷ்டம்டி" என்று விட்டுவிட்டாள்.

அதன்பின் பானை பளபளத்தது, இருமலும் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பானையை ஏற்றுமுன் அம்மா ஒவ்வொரு முறையும் அடுப்புக்கு மேலே உள்ளங்கையைக் காட்டுவாள். நீல நெருப்பை ஒருவழியாகக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று விடுதியில் பெருமையடித்தேன். விரல்நுனியில் கொப்புளங்களைப் பார்த்துக் கேட்டதற்கு, "புது அடுப்பு, பழகணுமில்ல" என்றாள்.

புகையில் மங்கிப்போன கண்ணுக்கு அந்த நீலம் தெரியவே இல்லை, தீ எரிகிறதா என்று அவள் கையால் தேடிக்கொண்டிருந்தாள் என்பது, கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.