கதவு பூட்டியிருந்ததாக எழுதியவர்

கனகவல்லி வேலையாகப் போகிற வீடுகளில் காபி குடிக்க மாட்டார். கர்வம் ஒன்றும் இல்லை, உத்தியோகம் அப்படி. கிழக்குத் தாம்பரத்தில் குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர் களப்பணியாளர். ஓடிப்போன, தொலைந்துபோன, அடிபட்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், பிள்ளையைத் திருப்பி அனுப்பத் தக்க வீடுதானா என்று பார்த்து எழுத வேண்டும். எழுதப்போகிற வீட்டில் ஒரு வாய் காபி குடித்தாலும் பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. இவ்வளவு சுத்தமான மனுஷிதான் 2005 நவம்பரில், போகாத வீட்டுக்குப் போனதாக எழுதினார்.

அந்த நவம்பரில் நிகத் என்ற பதினொரு வயதுப் பெண், கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க்குக்காக அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறிவிட்டாள். ஓடிப்போகிறவர்களுக்கு ஒரு திசை வேண்டும். நிகத்துக்கு அது இல்லாததால் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்குமாக மூன்று முறை போய் வந்தாள். கடைசியில் தாம்பரம் ஸ்டேஷனில் ரயில்வே போலீஸ் பிடித்து, நிறுவனத்தின் காப்பகத்தில் சேர்த்தார்கள். மறுநாளே அம்மா பரிதா அழுதுகொண்டு வந்து நின்றாள். ஆனால் பெண்ணின் முன்கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. யூனிபார்மை நானே இஸ்திரி போட்டபோது பட்டது என்று நிகத் சொன்னாள். அடிபட்ட பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும் என்பது அனுபவம். பிள்ளைகளை எங்கே அனுப்புவதென்று முடிவு செய்யும் குழு, வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி கனகவல்லியிடம் சொன்னது.

அந்த அறிக்கைப் படிவத்தில் வீட்டுக்குப் போன நாட்களுக்கென்று மூன்று கட்டங்கள் உண்டு. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும்.

முடிச்சூரில் இருந்த பரிதாவின் வீட்டுக்குக் கனகவல்லி இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பகல் பதினொரு மணி. இரண்டு முறையும் கதவில் பூட்டு. பரிதாவுக்கு சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை, கணவன் இல்லை. பகலில் அவள் வீடு பூட்டித்தான் இருக்கும். கனகவல்லியின் சேலையூர் வீடும் பகலில் பூட்டித்தான் இருந்தது. கணவர் ஸ்ரீரங்கன் பாங்கில், மகள் மிருதுளா கழுத்தில் சாவி. யாராவது படிவத்தோடு அங்கே போயிருந்தால் அவர்களும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இது அப்போது கனகவல்லிக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ரத்தினபாயிடம், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருவேன், கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். புதன் ராத்திரியிலிருந்து மழை கொட்டியது. வியாழக்கிழமை முடிச்சூர் ரோட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. கனகவல்லி அலுவலக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மூன்றாவது கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டு, ‘முன்கூட்டித் தகவல் கொடுத்தும் கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதினார். முதல் இரண்டு கட்டங்களைவிட அதில் கையெழுத்து அழகாக இருந்தது. மேஜை மேல் வைத்து எழுதியதுதான் காரணம்.

சொல்லி அனுப்பியும் வீட்டில் இருக்காத தாய்க்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று குழு முடிவு செய்தது. நிகத்தை மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு விடுதிக்கு அனுப்பினார்கள்.

பரிதா மனு மேல் மனு போட்டாள். ஐந்து மாதம் கழித்துக் குழு மறுபடி கூப்பிட்டது. அன்று வீட்டில் ஏன் இல்லை என்று தலைவர் கேட்டார். கனகவல்லி சுவரோரம் நின்றிருந்தார். இவள் இருந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தனக்குத்தான். பரிதா நிமிராமல் சொன்னாள்:

“தண்ணி லாரி வந்துது சார். கொடத்த எடுத்துகினு போயிருப்பேன். அந்த நேரம் பாத்து மேடம் வந்துட்டுப் போயிருப்பாங்க. மேடம் மேல தப்பு இல்ல.”

ஊரே மிதந்துகொண்டிருந்த நாளில் தண்ணி லாரி வருமா என்று யாரும் கேட்கவில்லை. தாய் தவறை ஒப்புக்கொண்டதைப் பாராட்டி, நிகத்தை வீட்டுக்கு அனுப்பக் குழு உத்தரவிட்டது. ஆறாம் வகுப்பு பாழானதுதான் மிச்சம்.

பிள்ளை திரும்பிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுவது நடைமுறை. கனகவல்லி இந்த முறை ஞாயிற்றுக்கிழமை போனார். பரிதா டீ போடட்டுமா என்றாள். வழக்கம்போல் வேண்டாம் என்றார். நிகத் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லையாம். கேட்டதுக்கு உம், உம். அவ்வளவுதான்.

கனகவல்லி பாதிக் குரலில், அந்த வியாழக்கிழமை நான் வரவே இல்லை என்றார்.

“தெரியும் மேடம்” என்றாள் பரிதா. “தெருவுல அத்தினி பேரும் கல்யாண மண்டபத்துக்குப் போய்ட்டாங்க. வூட்டுக்குள்ள தண்ணி. நான் மட்டும் கட்டில் மேல குந்திகினு இருந்தேன். கதவக்கூட சாத்தல. சாத்தினா நீங்க தட்டறது மழைல கேக்காதேன்னு.”

“அப்புறம் லாரி வந்துதுன்னு ஏன் சொன்னீங்க?”

“உங்களப் பொய்னு சொன்னா புள்ளயக் குடுத்திருப்பாங்களா?”

கனகவல்லி மன்னிப்புக் கேட்டார். பரிதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எனக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு? அவளுக்குச் சொல்லுங்க. உங்க அம்மாவ மூணு தடவ தேடிப் போனாங்க, ஆளே இல்லன்னு ஹாஸ்டல்ல படிச்சுக் காட்டிக்கீறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேன்றா. பேப்பர்ல கீதுன்றா.”

கனகவல்லி வாசலுக்குப் போய்ச் சொன்னார். நிகத் முழுவதும் கேட்டுவிட்டு, “எழுதினது பொய்யா மிஸ், இப்ப சொல்றது பொய்யா?” என்றாள். வம்புக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

நிறுவன இயக்குநர் தேவானந்தம் நல்ல மனிதர். திருத்த அறிக்கை எழுதப் போகிறேன் என்றதும் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைதான் வீடு போய்ச் சேர்ந்துவிட்டதே, மூடின கோப்பை எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார். பிறகு ஆறுதலாக, “மூணாவது கட்டத்த நீங்க மட்டுமாம்மா இப்படி நிரப்பறீங்க?” என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். காகிதத்தில் மட்டும் பூட்டின கதவு இன்னும் எத்தனை என்று கனகவல்லி அன்று முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அரைப் பக்கத்தில் எழுதிக் குழுவிடம் நேரில் கொடுத்தார். மூடிய கோப்பில் புதுத் தாள் சேர்க்க விதி இருக்கிறதா என்று தலைவர் முதலில் யோசித்தார், பிறகுதான் கோபப்பட்டார். கனகவல்லியைக் களப்பணியிலிருந்து எடுத்துத் தொலைபேசி மேஜையில் உட்கார வைத்தார்கள். படிவத்தில் ‘பக்கத்து வீட்டார் கையொப்பம்’ என்று ஒரு புது வரி சேர்ந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் அதற்குக் ‘கனகா வரி’ என்று பேர் வைத்துவிட்டு, அவர் காதுபடவே திட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு, முத்திரை வைத்த நகல் ஒன்றோடு முடிச்சூருக்குப் போனார். பரிதாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நிகத்திடம் கொடுத்தார். நிகத் முதலில் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடப் பாடம் மாதிரி, விரலை வைத்து, ராகம் போட்டுப் படித்தாள்.

“மேற்படி நாளில் நான் அங்கே செல்லவில்லை. சிறுமியின் தாயார் வேலைக்கு விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார். தண்ணீர் புகுந்தும் வெளியேறவில்லை. கதவு திறந்திருந்தது.”

கடைசி வரியில் விரல் நின்றது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பரிதா குழாயை மூடினாள்.

“இன்னொரு வாட்டி படி” என்றாள்.

நிகத் அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ராகம் இல்லாமல் படித்தாள்.

கனகவல்லி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் களப்பணியாளர் இல்லை. இந்த வீட்டில் எது கொடுத்தாலும் குடிக்கலாம். யாரும் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.